சீனி வியாதிக்காரர் சோளம் சாப்பிடலாமா?

சுகாதாரப் பாடம்



"எனக்குச் சீனி இருக்குது, சோளம் சாப்பிடலாமா?" டிஸ்பென்சரி வாசலிலும், கொழுந்து நிறுக்கிற இடத்திலும் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி இது. பதில் சொல்பவர்கள் இரண்டு கட்சியாக நிற்பார்கள். "சோளம் சீனிக்கு மருந்து மாதிரி, எவ்வளவும் சாப்பிடலாம்" என்பது ஒரு கட்சி. "இனிப்பாக இருக்குதே, தொடவே கூடாது" என்பது மற்றக் கட்சி. முதல் கட்சியை நம்பியவர் இரவில் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு, அதற்கு மேல் இரண்டு சோளக் கதிரையும் கடித்து முடிக்கிறார். இரண்டாவது கட்சியை நம்பியவர் ஒரு கதிரைத் தள்ளி வைத்துவிட்டு, அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் மாவுச்சத்து உள்ள பெரிய கோதுமை ரொட்டியைப் பயமில்லாமல் சாப்பிடுகிறார். இரண்டு பேருக்கும் கிளினிக்கில் சீனி ஏறித்தான் இருக்கும்.

சாப்பிடலாம் என்பதுதான் பதில். ஆனால் எந்தச் சோளம், எவ்வளவு, எதற்குப் பதிலாக என்று மூன்றையும் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

பெயரில் ஒரு குழப்பம்

நாம் இங்கே சோளம் என்று சொல்வது மஞ்சள் கதிர்ச் சோளத்தை. சிங்களத்தில் பட இரிங்கு என்பார்கள். இந்தியாவில் இதற்கு மக்காச்சோளம் என்று பெயர். அங்கே வெறுமனே "சோளம்" என்றால் அது வேறு தானியம். சின்னச் சின்ன உருண்டை மணியாக, கம்பு குரக்கனோடு சேர்த்துப் பேசப்படுகிற வெள்ளைச் சோளம். நம்ம முன்னோர் ஊரிலே சோளக்கஞ்சி, சோளச்சோறு என்று சொன்னதும் அதைத்தான்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், இப்போது போனில் வருகிற வீடியோக்களில் "சோளம் சீனிக்கு நல்லது" என்று தமிழ்நாட்டில் இருந்து யாராவது பேசினால், பெரும்பாலும் அந்த வெள்ளைச் சோளத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு இங்கே கடையில் மஞ்சள் சோள மாவு வாங்கிக் கஞ்சி காய்ச்சுகிறோம். ஒரே பெயர், இரண்டு தானியம். இந்தப் பாடம் முழுக்க மஞ்சள் சோளத்தைப் பற்றியது.

கான் வெட்டிய மலையும் வெட்டாத மலையும்

சோளத்தில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. வயிற்றுக்குள் போனதும் அது உடைந்து குளுக்கோஸாகி இரத்தத்தில் சேர்கிறது. சோறும் அப்படித்தான், ரொட்டியும் அப்படித்தான். வித்தியாசம் எவ்வளவு சேர்கிறது, எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்பதில்தான்.

வேகத்தைப் பற்றி நம்ம ஆட்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. கான் வெட்டிய மலையில் மழைத் தண்ணீர் நின்று நின்று மெதுவாக இறங்கும். கான் இல்லாத மலையில் அதே மழை மண்ணையும் அடித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாக வரும். சோள மணியின் தோலும், மணி முழுசாக இருப்பதும்தான் அதற்குக் கான். பல்லால் கடித்து மென்று சாப்பிடும்போது உள்ளே இருக்கும் மாவு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. அதே மணியைத் தோல் நீக்கி, நைசாக அரைத்து, கூழாகக் காய்ச்சிவிட்டால் கான் எல்லாம் மூடியாயிற்று.

இந்த ஏறும் வேகத்தை அளந்து இலக்கம் போட்டிருக்கிறார்கள். சுத்தமான குளுக்கோஸுக்கு 100 என்று வைத்து மற்றச் சாப்பாட்டை அதோடு ஒப்பிடுவது. 2008 இல் வெளியான சர்வதேச அட்டவணையில் இனிப்புச் சோளத்துக்கு 52, பொப்கோர்னுக்கு 65, வெள்ளைச் சோற்றுக்கு 73, வெள்ளைப் பாணுக்கு 75 என்று சராசரி கொடுத்திருக்கிறார்கள். பெட்டியில் வருகிற கோர்ன் ப்ளேக்ஸுக்கு 81. கவனித்தீர்களா? எல்லாவற்றுக்கும் மேலே நிற்பதும் சோளம்தான், கீழே நிற்பதும் சோளம்தான். செடி ஒன்றுதான், ஆலையிலும் அடுப்பிலும் அதற்கு என்ன நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அவித்த கதிர்

நாம் சாப்பிடும் சோளத்தில் சீனிக்காரருக்கு நல்லது இதுதான். கதிர்காமம் போகிறவர்கள் வெல்லவாய, புத்தள, தணமல்வில பக்கம் ரோட்டோரத்தில் பெரிய பானையில் ஆவி பறக்க அவித்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுத்தரமான ஒரு இளங்கதிரில் உதிர்த்த மணி சுமார் 100 கிராம் வரும். அதில் மாவுச்சத்து கிட்டத்தட்ட 20 கிராம், நார்ச்சத்து 2 கிராமுக்குக் கொஞ்சம் மேல். நன்றாக முற்றிய கதிரென்றால் தண்ணீர் குறைவு, மாவு அதிகம். அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

20 கிராம் என்றால் எவ்வளவு? அரைக் கோப்பைச் சோற்றில் இருக்கிற அளவு. 100 கிராம் கோதுமை மாவில் சுட்ட ஒரு ரொட்டியில் 75 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. அப்படியானால் ஒரு கதிர் அந்த ரொட்டியில் கால் பங்குக்குச் சமம். ஆகவே கணக்கு இதுதான்: ஒரு கதிர் சாப்பிட்டால் அன்றைக்கு அந்த வேளையில் அரைக் கோப்பைச் சோறோ கால் ரொட்டியோ தட்டில் இருந்து குறைய வேண்டும். சோளம் சோற்றுக்குப் பதிலாக வரட்டும், சோற்றுக்கு மேலே வரக்கூடாது. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

சிலர் சோளத்தை மரக்கறி என்று நினைக்கிறார்கள். சோறு, உருளைக்கிழங்குக் கறி, பக்கத்தில் சோளம் போட்ட கறி என்று தட்டு நிறைந்துவிடும். பார்ப்பதற்கு ஒரு சோறு இரண்டு கறி. உடம்புக்கு அது மூன்று சோறு. சோளமும் உருளைக்கிழங்கும் பலாக்காயும் சோற்றின் கட்சியைச் சேர்ந்தவை. வல்லாரை, முருங்கைக்கீரை, போஞ்சி, கோவா, முள்ளங்கி ஆகியவைதான் மரக்கறி.

அவிக்கும்போது உப்பு அள்ளிப் போடாதீர்கள். சீனி உள்ளவர்களில் நிறையப் பேருக்குப் பிரஷரும் கூடவே இருக்கிறது. மேலே மார்ஜரின் பூசுவதும் வேண்டாம். கொஞ்சம் தேசிக்காய்ப் புளியும் மிளகுத்தூளும் தடவிப் பாருங்கள், ருசி குறையாது.

பல் இல்லாத பெரியவர்கள் என்ன செய்வது? துருவிக் கூழாக்கிக் கொடுத்தால் வேகம் கூடிவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு கைப்பிடி சோள மணி, இரண்டு கைப்பிடி பாசிப்பயறு, இரண்டையும் நன்றாக மிருதுவாக வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம், செத்தல் மிளகாய் தாளித்து, கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டு இறக்குங்கள். பயறில் புரதமும் நாரும் இருப்பதால் சோளத்தின் வேகத்தை அது பிடித்து நிறுத்தும். பல் உள்ளவர்களுக்கும் பத்து மணித் தேத்தண்ணீரோடு இது நல்ல சாப்பாடு. மலைக்கு டப்பாவில் போட்டுக் கொண்டுபோகலாம்.

மஞ்சள் மாவும் வெள்ளை மாவும்

கடையில் "சோள மாவு" என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். மஞ்சளாக, கொஞ்சம் நறநறப்பாக இருப்பது மணியை அரைத்த மாவு. வெள்ளை வெளேரென்று, விரலில் தேய்த்தால் கீச்சென்று சத்தம் போடுவது கோர்ன் ப்ளவர். இது மணியில் இருந்து தோல், முளை, புரதம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சமான வெறும் மாவுச்சத்து. 100 கிராமில் 90 கிராமுக்கு மேல் அதுதான். சூப் தடிப்பாக வர ஒரு தேக்கரண்டி கரைத்து ஊற்றி நாலு பேர் குடித்தால் பெரிய கெடுதி இல்லை. ஆனால் சுகமில்லாதவருக்கு என்று சொல்லி இதில் கஸ்டர்ட் கிண்டிக் கொடுப்பதும், பாலில் கரைத்துக் கஞ்சி வைப்பதும் சீனிக்காரருக்கு ஆகாது.

மஞ்சள் மாவைப் பற்றியும் ஏமாறாதீர்கள். 100 கிராம் சோள மாவிலும் மாவுச்சத்து 75 கிராம் அளவில்தான் இருக்கிறது, கோதுமை மாவு மாதிரியே. "நான் சோள ரொட்டிதான் சாப்பிடுறேன்" என்று சொல்லி மூன்று ரொட்டி சாப்பிட்டால் மூன்று ரொட்டிக்கு உள்ள சீனி ஏறத்தான் செய்யும். தோலோடு நறநறவென்று அரைத்த மாவு கொஞ்சம் மெதுவாக இறங்கும், நார்ச்சத்து கூட இருக்கும். அந்த லாபம் உண்மை, ஆனால் சின்ன லாபம். முடிந்தால் காய்ந்த சோளத்தை வாங்கி, மில்லில் ரவைப் பதத்தில் அரைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் தோல் நீக்கி நைசாக அரைத்தது.

சோள மாவு தனியாக ரொட்டிக்கு நிற்காது, உடைந்து போகும். கோதுமையில் இருக்கிற ஒட்டும் பசை இதில் இல்லை. அதனால் சோள மாவைக் கொதிக்கிற தண்ணீர் விட்டுப் பிசறிக் கொஞ்ச நேரம் மூடி வைத்து, அதற்குப் பிறகு சம அளவு கோதுமை மாவோ குரக்கன் மாவோ சேர்த்துப் பிசைய வேண்டும். முருங்கைக்கீரை, வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கி நிறையப் போடுங்கள். கீரை கூடக் கூட மாவு குறையும் அல்லவா, அதுதான் கணக்கு. வழக்கமாக 100 கிராம் மாவில் ஒரு ரொட்டி தட்டுகிற வீட்டில், அதே மாவில் இரண்டாகத் தட்டி, சீனிக்காரர் ஒன்று சாப்பிடட்டும். தொட்டுக்கொள்ள வெறும் சம்பல் மட்டும் போதாது. பருப்பு, நெத்தலி, முட்டை, எது கையில் இருக்கிறதோ அது கூட இருந்தால் ரொட்டி குறைந்ததால் வருகிற பசி தெரியாது. மலை ஏறி வேலை செய்கிறவருக்கு "குறைத்துச் சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமான பேச்சு இல்லை. குறைத்த இடத்தில் என்ன வைப்பது என்றும் சொல்ல வேண்டும்.

பெட்டியும் பாக்கெட்டும்

கோர்ன் ப்ளேக்ஸ் பெட்டியில் "கொழுப்பு இல்லை" என்று எழுதியிருக்கும். சோளத்தில் கொழுப்பு முதலிலேயே குறைவு. 30 கிராம், அதாவது ஒரு சின்னக் கோப்பை, 25 கிராம் மாவுச்சத்து. அது பசிக்குப் போதாமல் இன்னொரு கோப்பை, அதற்கு மேலே சீனி போட்ட பால். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவருக்கு நல்லது என்று மகன் டவுனில் இருந்து விலை கொடுத்து வாங்கி வருகிற பெட்டி இது. அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்கச் சொல்லுங்கள்.

பொப்கோர்ன் வீட்டில் பொரித்தால் பரவாயில்லை. ஒரு தேக்கரண்டி எண்ணெயில், மூடிய சட்டியில், உப்புக் குறைவாக. பொரிந்தது மூன்று கோப்பை சாப்பிட்டால் 15 முதல் 18 கிராம் மாவுச்சத்துத்தான், ஒரு கதிரைவிடக் கொஞ்சம் குறைவு. திருவிழாவில் கலர் போட்டு, சீனிப்பாகு பூசி விற்பதை பொப்கோர்ன் என்று எண்ணாதீர்கள், அது மிட்டாய். பிள்ளைகள் வாங்குகிற கறகற பாக்கெட்டுகளும் சோளக் குருணையை ஊதிப் பொரியவைத்து எண்ணெயும் உப்பும் தூவியவைதான். சீனிக்காரருக்கும் வேண்டாம், பிள்ளைக்கும் தினம் வேண்டாம்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மோல்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயர்களைக் கண்டால் நிறுத்துங்கள். இவை மாவுச்சத்தை, பல சமயம் சோள மாவுச்சத்தை, உடைத்து எடுத்தவை. "சீனி சேர்க்கப்படவில்லை" என்று முன்பக்கம் போட்டிருந்தாலும் பின்பக்கம் இவை இருந்தால் இரத்தத்தில் சீனி வேகமாகத்தான் ஏறும். சோடா, பெட்டிப் பானங்களுக்கு 2016 இல் இருந்து சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று நிறம் போடச் சட்டம் வந்தது. வாசிக்கத் தெரியாதவருக்கும் அந்த நிறம் தெரியும். சிவப்பு என்றால் சீனி மிக அதிகம்.

சோள எண்ணெயில் மாவுச்சத்து இல்லை. அதற்காக அள்ளி ஊற்ற வேண்டாம், எண்ணெய் எண்ணெய்தான்.

திரிபோஷ யாருடைய பங்கு?

இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது. திரிபோஷவும் சோளப் பண்டம்தான். சோளம், சோயா, பால்மா சேர்த்து, விட்டமின்களும் போட்டுச் செய்வது. 1973 இல் தொடங்கிய திட்டம். கர்ப்பிணித் தாய்மாருக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும், நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

லயத்து வீட்டில் என்ன நடக்கிறது? பாக்கெட் வந்தவுடன் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடிக்கிறோம். வீட்டில் ஆறு பேர், ஆறு பேருக்கும் உருண்டை. தாத்தாவுக்கும் இரண்டு, "சத்து மாவுதானே, சீனிக்கு ஒன்றும் செய்யாது" என்று. தாத்தாவுக்கு அந்தச் சீனி உருண்டையால் சர்க்கரை ஏறுகிறது. நிறை குறைந்த பிள்ளைக்கு மாதக் கடைசியில் பாக்கெட் காலி. ஒரே பாக்கெட்டால் இரண்டு பேருக்கு நட்டம். 2022 நெருக்கடியில் திரிபோஷ கிடைக்காமல் தாய்மார் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். அது பிள்ளையின் பங்கு. தாத்தாவுக்கு மேலே சொன்ன பயறுச் சோளத்தைக் கொடுங்கள், அவருக்கு அதுதான் நல்லது.

கர்ப்ப காலத்தில் சீனி கண்டிருக்கிற தாய்மார் திரிபோஷவைத் தாங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், இஷ்டத்துக்குச் சாப்பிடவும் வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடமும் கிளினிக் டொக்டரிடமும் "எனக்குச் சீனி இருக்குது, இதை எவ்வளவு எடுக்கலாம்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற அளவை, சீனி போடாமல், அந்த வேளை மாவுச் சாப்பாட்டின் கணக்கில் சேர்த்துச் சாப்பிட வேண்டும்.

பூஞ்சணம்

மலைநாட்டு ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் சோளப் பாடம் முடியாது. காய்ந்த சோளத்தை மூட்டையாக வாங்கி அடுப்பங்கரை மூலையில் வைத்தால் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணத்தில் சில வகை அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. கழுவினாலும் போகாது, அவித்தாலும் போகாது. பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்த மணியை, கெட்ட வாடை வருகிற மாவை வீசிவிடுங்கள். கோழிக்கும் போட வேண்டாம். இரண்டு வாரத்துக்குப் போதுமான அளவு மட்டும் வாங்கி, வெயிலில் காயவைத்து, இறுக்கமான மூடியுள்ள டின்னில் வையுங்கள்.

சீனி இறங்கினால் சோளம் உதவாது

கிளிக்லசைட், டொல்புட்டமைட் மாதிரிக் குளிசை எடுக்கிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். இந்த மருந்தைப் போட்டுவிட்டு, காலையில் சாப்பாட்டைத் தவறவிட்டு மலைக்கு ஏறினால் சீனி 70க்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும், குளிரிலும் வேர்க்கும், பசி எடுக்கும், கண் மங்கும், பேச்சுத் தடுமாறும். சரிவில் நிற்கிற ஆளுக்கு இது உயிர் ஆபத்து.

அந்த நேரத்தில் கையில் இருக்கிற சோளத்தைக் கடித்துக்கொண்டு நிற்காதீர்கள். மெதுவாக இறங்குகிறது என்று சோளத்தைப் பாராட்டினோமே, அதே காரணத்தால் இப்போது அது உதவாது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிலோ தேத்தண்ணீரிலோ கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிஷம் உட்கார வேண்டும். தெளியாவிட்டால் இன்னொரு முறை அதே அளவு. தெளிந்த பிறகுதான் சோளமோ ரொட்டியோ. மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; பக்கவாட்டில் படுக்க வைத்து, 1990 சுவசெரிய ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், இல்லை தோட்டத்து லொறியிலாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சீனி உள்ளவர் கொழுந்துக்குப் போகும்போது சேலை முந்தியிலோ பையிலோ கொஞ்சம் சீனி முடிந்து வைத்திருப்பது நல்ல பழக்கம். கூட வேலை செய்கிற இரண்டு பேருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரே கதிர் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக ஏறும். ஒரே ஆளுக்கும் பேர் போடுகிற நாளில் ஒரு விதம், மழைக்கு லயத்தில் சும்மா இருக்கிற நாளில் ஒரு விதம். வேலை செய்கிற தசை சீனியை இழுத்துக்கொள்வதால்தான் அப்படி. ஆகவே அட்டவணையைவிட உங்கள் உடம்பின் கணக்கு முக்கியம்.

வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சீனி பார்க்கிற மெஷின் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். ஊசி ஆளுக்கு ஒன்றாகப் புதிதாக இருக்க வேண்டும். ஒரு நாள் வழக்கமான ரொட்டிக்கு முன்னால் பாருங்கள், முதல் வாய் வைத்ததில் இருந்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னொரு நாள் அதே நேரத்தில், ஒரு அவித்த கதிரும் பயறும் சாப்பிட்டு அதே மாதிரிப் பாருங்கள். நாலு இலக்கத்தையும், அன்றைக்கு வேலைக்குப் போனீர்களா இல்லையா என்பதையும் பிள்ளையிடம் சொல்லிக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து 180க்குக் கீழே இருந்தால் அந்த அளவு உங்களுக்குச் சரி. மேலே நின்றால் அடுத்த முறை அரைக் கதிர். கர்ப்பிணிகளுக்கு இந்த 180 பொருந்தாது; அவர்களுக்கு இன்னும் குறைவாக இருக்க வேண்டும், கிளினிக்கில் சொல்கிற இலக்கத்தையே எடுக்க வேண்டும். சிறுநீரகம் பாதித்தவர்களும் டொக்டரைக் கேட்டுத்தான் பயறு, சோள அளவை மாற்ற வேண்டும்.

மெஷின் இல்லாதவர்கள் இரண்டு வாரம் என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். இதுவரை சீனி பார்த்தே இல்லாத, 35 வயது தாண்டிய ஆட்கள் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்கென்று நடக்கிற கிளினிக்குக்குப் போனால் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்ப்பார்கள். ஏற்கனவே குளிசை எடுக்கிறவர்கள் சோளம் நல்லது என்று கேள்விப்பட்டுக் குளிசையை நிறுத்த வேண்டாம், அளவைக் கூட்டிக் குறைக்கவும் வேண்டாம். அடுத்த கிளினிக் நாளில் அந்தக் கொப்பியைக் கையோடு கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.